பட்டுப்புடவையின் நிறம் படத்தில் மாறாமல் இருக்க: சாச்சுரேஷனுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

கேள்வி இதுதான்: "மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தே பட்டுப்புடவை விற்கிறேன். போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். நிறம் மங்கலாக விழுகிறது. சாச்சுரேஷனைக் கூட்டினால் அரக்குப் புடவை தக்காளிச் சிவப்பாகிறது, கட்டிக்கொண்டு நிற்கும் தங்கையின் முகம் ஆரஞ்சாகிறது. 'படத்துல ஒண்ணு, கையில ஒண்ணு' என்று புடவை திரும்பி வருகிறது. எந்த மென்பொருள் வாங்கினால் சரியாகும்?"

மென்பொருளுக்குக் கடைசியில் வருகிறேன். இப்போது வைத்திருப்பதே போதும் என்றுதான் தோன்றுகிறது. முதலில் சாச்சுரேஷனிலிருந்து கையை எடுங்கள். ஒரு படத்தில் நிறம் எடுபடவில்லை என்றால் பெரும்பாலும் நிறம் குறைந்திருப்பது காரணமல்ல. வேண்டாத சாயல் ஒன்று எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும், அல்லது வெளிச்சமும் இருட்டும் பிரியாமல் ஒரே மட்டத்தில் கிடக்கும், அல்லது பக்கத்தில் இருக்கும் வேறொரு நிறம் கண்ணை இழுத்துக்கொண்டிருக்கும். இந்த மூன்றையும் நீக்கினாலே புடவையின் நிறம் தானாக மேலே வரும்.

சாச்சுரேஷன், அதாவது நிறச்செறிவு, என்ன செய்கிறது என்று எண்களில் பார்த்துவிடலாம். டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. உங்கள் தங்கையின் கன்னத்தில் ஒரு புள்ளி 190, 140, 115 என்று வைத்துக்கொள்வோம். சராசரி சுமார் 148. சாச்சுரேஷன் இந்தச் சராசரியிலிருந்து மூன்று எண்களையும் விலக்கித் தள்ளும். 30 சதவீதம் விலக்கினால் 203, 138, 105 ஆகிறது. சிவப்பு ஏறி, நீலம் இறங்கி, முகம் ஆரஞ்சு. இப்போது சிவப்புப் புடவையில் ஒரு புள்ளி: 200, 20, 40. அதே 30 சதவீதத்தில் அது 234, 0, 26 ஆகிவிடும். பச்சை பூஜ்யத்தில் போய் முட்டிக்கொண்டது. பக்கத்துப் புள்ளியில் பச்சை 12 இருந்தாலும் 16 இருந்தாலும் அதுவும் பூஜ்யம்தான். இழைக்கு இழை இருந்த வேறுபாடு அதோடு போயிற்று. நெய்த துணி பெயின்ட் அடித்த தகடு மாதிரி தெரிவது இதனால்தான். ஒவ்வொரு மென்பொருளும் அச்சு அசலாக இதே கணக்கைப் போடாது, ஆனால் எல்லாவற்றிலும் போக்கு இதுதான்.

அரக்கு பற்றி நீங்கள் சொன்னதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ராத்திரி எல்இடி ட்யூப்லைட்டில் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சாதாரண எல்இடி விளக்கின் ஒளியில் நீலம் ஒரு கூர்முனையாக எழும்பி நிற்கும், மஞ்சள் பக்கம் ஒரு மேடு இருக்கும், ஆழ்சிவப்பு மிகக் குறைவு. அரக்கு நிறம் அந்த ஆழ்சிவப்பைத் திருப்பி அனுப்பித்தான் அரக்காகத் தெரிகிறது. விளக்கிலேயே அது இல்லையென்றால் புடவை எதைத் திருப்பி அனுப்பும்? பழுப்பாக விழும். பிறகு அந்தப் பழுப்பைத் திருகி அரக்காக்கப் பார்க்கும்போது கூடவே ஜரிகையும் முகமும் கெட்டுப்போகும். வராத ஒளியை எந்த மென்பொருளும் வரவழைக்காது.

ஆகவே பகலில் எடுங்கள். நேர் வெயில் வேண்டாம். சென்னை வெயிலில் பட்டின் மடிப்பு ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கறுத்தும் போகும். பால்கனி நிழல், அல்லது வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம் போதும். அறையின் ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளியும் விளக்கொளியும் கலந்தால் புடவையின் ஒரு பாதி நீலச் சாயல், மறுபாதி மஞ்சள் சாயல் என்று பிரியும். அதைச் சரிசெய்வது பெரும்பாடு. சுவரையும் கவனியுங்கள். நம் வீடுகளில் இளம்பச்சை, ரோஸ் என்று ஹாலுக்கு அடித்திருப்பார்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அந்த நிறத்தைப் புடவைமேல் பூசிவிடும்.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி ஒளியின் சாயலைக் கழிப்பது. என் கணக்கில் வேலையில் பாதி இங்கேயே முடிந்துவிடும். நிழலில் எடுத்த படம் நீலம் தட்டும், குண்டு பல்பில் எடுத்தது மஞ்சள் தட்டும். இந்த அளவைக் கெல்வினில் சொல்வார்கள்: குண்டு பல்பு சுமார் 2,700 முதல் 3,000, நடுப்பகல் வெயில் சுமார் 5,500, திறந்த நிழல் 7,000-க்கும் மேல். டெம்பரேச்சர் ஸ்லைடர் நீலம்-மஞ்சள் திசையிலும், டின்ட் ஸ்லைடர் பச்சை-மெஜென்டா (ஊதா கலந்த சிவப்பு) திசையிலும் நகர்த்தும். பலர் முதலாவதை மட்டும் தொட்டுவிட்டு டின்ட்டை மறந்துவிடுகிறார்கள். எல்இடி, ட்யூப்லைட் படங்களில் முகம் நோயாளி மாதிரி தெரிந்தால் பச்சைதான் குற்றவாளி. டின்ட்டை மெஜென்டா பக்கம் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள்.

கண்ணளவில் செய்வதைவிட, ஒரு கிரே கார்டு, அதாவது எந்தச் சாயலும் இல்லாத சாம்பல் நிற அட்டை, வாங்கிவிடுங்கள். கேமரா கடைகளில் கிடைக்கும், பெரிய விலையில்லை. புடவைக்குப் பக்கத்தில் அதை வைத்து முதலில் ஒரு படம், பிறகு எடுத்துவிட்டு மற்றப் படங்கள். மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் ஐட்ராப்பரால் (சொட்டுக்குழாய் அடையாளம்) கார்டின் மேல் ஒரு தட்டு. அந்த அளவை அன்றைய மற்றப் படங்களுக்கெல்லாம் காப்பி செய்யலாம். கார்டுக்குப் பதில் வெள்ளை வேட்டியை வைக்கலாமே என்று தோன்றும். கூடாது. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டியில் நீலம் ஏறியிருக்கும். சலவைத்தூளிலும் ஏ4 தாளிலும் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் புறஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழும். அதை வெள்ளை என்று மென்பொருளிடம் சொன்னால், அந்த நீலத்தைக் கழிப்பதாக நினைத்துப் படம் முழுக்க மஞ்சளைக் கூட்டிவிடும்.

இது விற்பனைப் படத்துக்கான விதி, எல்லாப் படத்துக்குமல்ல. மாலை வெயிலில் ரிப்பன் மாளிகையை எடுத்துவிட்டு அதைத் தூய வெள்ளையாக்கினால் மாலையே காணாமல் போகும். அங்கே மஞ்சள் சாயல்தான் படம்.

அடுத்து வெளிச்சம். ஹிஸ்டோகிராம் என்ற மலை வடிவப் படம் பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கும்; அதில் இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம். மங்கலான படத்தில் அந்த மலை நடுவிலேயே குவிந்து, இரு ஓரமும் காலியாகக் கிடக்கும். பிளாக்ஸ் ஸ்லைடரை இடப்பக்கம் தள்ளி, மலையின் அடிவாரம் இடது ஓரத்தைத் தொடும்வரை கொண்டுபோங்கள். ஒயிட்ஸை அதேபோல் வலது ஓரம்வரை. சாச்சுரேஷனைத் தொடவே இல்லை, ஆனாலும் நிறம் ஆழமாகிவிட்டதைப் பார்ப்பீர்கள். காரணம், சாம்பல் படலம் மாதிரி எல்லா நிறத்திலும் கலந்திருந்த வெளிறிய ஒளி கழிந்துவிட்டது.

கர்வ்ஸ், அதாவது ஒரு கோட்டை வளைத்து வெளிச்சத்தை மாற்றும் கருவி, தெரிந்தவர்கள் இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம். கோட்டின் கீழ்ப்பகுதியைச் சற்று இறக்கி, மேல்பகுதியைச் சற்று ஏற்றினால் எஸ் வடிவம் வரும். ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்த எஸ் வளைவு மாறுபாட்டோடு நிறச்செறிவையும் சேர்த்தே ஏற்றும். எனவே கர்வ்ஸ் முடிவதற்குள் வைப்ரன்ஸையோ (அடுத்து வருகிறது) சாச்சுரேஷனையோ தொட்டால் இரண்டு தடவை ஏற்றியதாகிவிடும். போட்டோஷாப்பில் நிறம் அசையாமல் வெளிச்சம் மட்டும் மாற வேண்டுமென்றால் கர்வ்ஸ் லேயரின் பிளெண்ட் மோடை லுமினாசிட்டி என்று மாற்றுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகும் நிறம் போதவில்லை என்றால் வைப்ரன்ஸ். ஏற்கெனவே செறிவாக இருக்கும் நிறத்தை அது அதிகம் தொடாது, மங்கியதையே தூக்கும், சரும நிறத்தையும் கொஞ்சம் விட்டுவைக்கும். அதிலும் 10, 15-க்கு மேல் போகவேண்டி வருகிறதென்றால் முன்படிகளில் எங்கோ வேலை பாக்கியிருக்கிறது என்று பொருள். நீல நிறங்களை அது கொஞ்சம் தாராளமாகவே தூக்கும் என்பதால் வெள்ளைப் பின்னணியின் நிழல்கள் நீலமாகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புடவைக்கு உண்மையில் கைகொடுப்பது எச்எஸ்எல், அல்லது கலர் மிக்ஸர். லைட்ரூமில் நிறங்களை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஹ்யூ (எந்த நிறம்), சாச்சுரேஷன் (செறிவு), லுமினன்ஸ் (வெளிச்சம்) என்று மூன்று ஸ்லைடர் தருவார்கள். இதில் மூன்றாவதுதான் அதிகம் பயன்படுவது, ஆனால் கவனிப்பாரில்லை. அரக்கு ஆழமாகத் தெரிய சிவப்பின் சாச்சுரேஷனைக் கூட்டத் தேவையில்லை; சிவப்பின் லுமினன்ஸைக் குறையுங்கள். இருட்டாக இருப்பதுதான் அரக்கு. கிளிப்பச்சைக்கு நேர்மாறு: பச்சையின் லுமினன்ஸ் ஏற வேண்டும், ஹ்யூ கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாய வேண்டும். மாம்பழ மஞ்சள் ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவே நிற்பதால், மஞ்சள் ஸ்லைடரை மட்டும் அசைத்தால் மடிப்பின் நிழல் பகுதி ஆரஞ்சாகத் தங்கிவிட்டுத் திட்டுத் திட்டாகத் தெரியும். இரண்டையும் சேர்த்து அசைக்க வேண்டும். படத்தின் மேலேயே விரலையோ மவுஸையோ வைத்து இழுக்கும் கருவி இதற்காகவே இருக்கிறது. அந்த இடத்தில் எந்தெந்த நிறம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அதுவே பார்த்துக்கொள்ளும்.

வாடாமல்லிதான் தலைவலி. ஊதா சார்ந்த நிறங்களைப் பல கேமராக்கள் நீலப் பக்கம் சாய்த்துவிடும். பர்ப்பிளின் ஹ்யூவை மெஜென்டா பக்கம் நகர்த்துங்கள். புடவையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டே செய்யுங்கள், நினைவிலிருந்து செய்யாதீர்கள். எம்.எஸ். ப்ளூவுக்கும் இதே எச்சரிக்கை. எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் பெயர் பெற்ற அந்த நீலத்தைக் கேட்டு வருகிறவர்கள் அதைத் தேடித்தான் வருகிறார்கள். ராயல் ப்ளூவாகத் தெரிந்தால் வாங்கமாட்டார்கள், மயில்கழுத்தாகத் தெரிந்து வாங்கினால் திருப்பி அனுப்புவார்கள்.

சிவப்பு, கனகாம்பர நிறம் போன்றவற்றில் சிவப்புச் சேனல் (முன்பு சொன்ன மூன்று எண்களில் சிவப்புக்கானது) மட்டும் 255-இல் முட்டி நிற்பது வாடிக்கை. மொத்த ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். மூன்று சேனலையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். சிவப்பு மட்டும் வலது சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் சிவப்பின் செறிவைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது. அதைவிட நல்லது, எடுக்கும்போதே போன் திரையில் சூரியன் அடையாளத்தைக் கொஞ்சம் கீழே இழுத்து, சற்று இருட்டாக எடுப்பது. இருட்டிலிருந்து நிறத்தை மீட்கலாம், முட்டிப்போனதை மீட்க முடியாது. உங்கள் போனில் புரோ மோடும் ரா வசதியும் (சென்சார் பதிவு செய்ததைச் சமைக்காமல் அப்படியே சேமிப்பது) இருந்தால் அதில் எடுங்கள். ஜேபெக் ஒரு சேனலுக்கு 256 படிகளைத்தான் வைத்திருக்கும். 12 பிட் ரா 4,096 படிகளை வைத்திருக்கும். திருத்துவதற்கு இடம் அங்கேதான் இருக்கிறது. தவிர, போனின் ஜேபெக்கில் கம்பெனிக்காரர்களே ஒரு சுற்று நிறத்தை ஏற்றித்தான் தருகிறார்கள். நீங்கள் அதன்மேல் இன்னொரு சுற்று ஏற்றுகிறீர்கள்.

ஜரிகைக்கு நிறத்தை ஏற்றவே ஏற்றாதீர்கள். ஜரிகை தங்கமாகத் தெரிவது பளபளப்பால். வெள்ளைக்கு நெருங்கிய மினுக்கும் அதன் பக்கத்தில் ஆழ்ந்த பழுப்பும் இருந்தால்தான் கண் அதைத் தங்கம் என்று எடுத்துக்கொள்ளும். மஞ்சளைக் கூட்டினால் மஞ்சள் நூலாகத்தான் தெரியும். பார்டரை மட்டும் மாஸ்க் போட்டு (அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து), கான்ட்ராஸ்ட்டையும் கிளாரிட்டியையும் சிறிது ஏற்றினால் போதும்.

மாஸ்க் என்றதும் பின்னணி ஞாபகம் வருகிறது. பாரிஸில் கோபலின் என்ற அரச நெசவாலையில் சாயப்பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம் ஒரு புகார் வந்தது: நீலத்தோடும் ஊதாவோடும் சேர்த்து நெய்யும்போது கறுப்புச் சாயம் வலுவில்லாமல் தெரிகிறது என்று. சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குறையில்லை. பக்கத்து நிறம்தான் கறுப்பை வெளிறச் செய்திருந்தது. அதை ஆராய்ந்து 1839-இல் விரிவாக வெளியிட்டார். துணியில் நிகழ்ந்தது திரையிலும் நிகழும். உங்கள் புடவைக்குப் பின்னால் சிவப்பு சோபாவோ பச்சைத் திரைச்சீலையோ இருந்தால் புடவையின் நிறத்தை எவ்வளவு ஏற்றினாலும் அது தோற்கும். பின்னணியை மட்டும் தேர்ந்தெடுத்து சாச்சுரேஷனைப் பாதியாகக் குறையுங்கள், கொஞ்சம் இருட்டாக்குங்கள். புடவையைத் தொடவே வேண்டாம், அது முன்னால் வந்து நிற்கும். இப்படி ஒன்றைக் குறைத்து இன்னொன்றை எடுப்பாகக் காட்டுவதுதான் என் வேலையில் நான் அதிகம் செய்வது.

முகத்துக்கு வருவோம். சரும நிறம் எதுவானாலும் நடுநிலையான ஒளியில் சிவப்பு எண் முதலிலும், பச்சை நடுவிலும், நீலம் கடைசியிலும் இருக்கும். இந்த வரிசை புரண்டிருந்தால் ஒயிட் பேலன்ஸில் கோளாறு. முகம் ஆரஞ்சானால் ஆரஞ்சின் சாச்சுரேஷனைச் சிறிது இறக்குங்கள், அவ்வளவே. ஆரஞ்சின் லுமினன்ஸை ஏற்றினால் முகம் வெளுக்கும். கல்யாண ஆல்பங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் மாவு பூசிய முகங்கள். எனக்கு இது அறவே பிடிக்காது. விற்கிற உங்களுக்கும் நஷ்டம்: மாநிறத்தின் பக்கத்தில் அந்தப் புடவை எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் வாங்குகிறவர் படத்தையே பெரிதாக்குகிறார்.

கொஞ்சம் தேறியவர்களுக்கு ஒரு வித்தை. போட்டோஷாப்பில் படத்தை லேப் மோடுக்கு மாற்றலாம். இதில் வெளிச்சம் ஒரு சேனலிலும், நிறம் ஏ, பி என்ற இரண்டு சேனல்களிலும் தனித்தனியாக இருக்கும். கர்வ்ஸில் ஏ சேனலின் இரண்டு முனைகளையும் ஒரே அளவு உள்பக்கம் தள்ளுங்கள், பிறகு பி சேனலிலும். கோடு நடுப்புள்ளி வழியாகவே போக வேண்டும், விலகினால் சாயல் ஏறும். பக்கத்துப் பக்கத்து நிறங்கள் இதில் விலகிப் பிரியும் அழகு சாச்சுரேஷனில் வராது: ஒரே பச்சையாகத் தெரிந்த உடலும் முந்தானையும் இரண்டு பச்சையாகும். ஏற்கெனவே கண்ணைப் பறிக்கும் நிறங்களுக்கு இது ஆகாது, வெளிறிய படங்களுக்குத்தான்.

மென்பொருள்: போனில் லைட்ரூம் அல்லது ஸ்னாப்சீட் போதும். கணினி இருந்தால் கிம்ப், டார்க்டேபிள், ராதெரபி மூன்றும் இலவசம். போட்டோஷாப் தெரிந்தவர்களுக்கு வசதி, தெரியாதவர்களுக்குச் சந்தா வீண். அந்தப் பணத்தில் ரிச்சி தெருவில் ஒரு சுமாரான ஐபிஎஸ் மானிட்டர் (சாய்வாகப் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) பார்க்கலாம். சாய்வாகப் பார்த்தால் நிறம் மாறுகிற மலிவான பேனலில் நிறம் திருத்துவதில் அர்த்தமில்லை.

திரையும் ஏமாற்றும். போன் செட்டிங்கில் டிஸ்ப்ளே விவிட் என்று இருந்தால் நேச்சுரலுக்கு மாற்றுங்கள். கண்ணுக்கு இதமாக மஞ்சளடிக்கும் இரவு மோடை அணையுங்கள். சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளியில் சேமியுங்கள். 1990-களில் மைக்ரோசாப்ட்டும் எச்பியும் சேர்ந்து வகுத்த இந்த வரையறையை எல்லாத் திரைகளும் புரிந்துகொள்ளும். ஐபோன் எடுப்பது அதைவிட அகலமான டிஸ்ப்ளே பி3. அடோபி ஆர்ஜிபியும் அகலம்தான். அப்படியே அனுப்பினால் சில செயலிகளில் வெளிறித் தெரியும். முக்கியமான வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் படத்தை அது சுருக்காது. பிளெக்ஸோ நோட்டீஸோ அடிப்பதாக இருந்தால் அச்சு மைக்கு எட்டும் நிறங்கள் இன்னும் குறைவு என்பதால் வாடாமல்லியும் பளீர் நீலமும் மங்கும். அச்சகத்தில் முதலில் ஒரு புரூப் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வகைப் புடவை அடங்காது. மயில்கழுத்து மாதிரி இரட்டை நிறப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நின்று பார்த்தால் ஒன்று, சாய்ந்து பார்த்தால் இன்னொன்று. அதற்குச் சரியான ஒரே நிறம் என்று ஒன்று கிடையாது, எனவே ஒரே படத்தில் சரிசெய்யவும் முடியாது. மடிப்பை ஜன்னல் பக்கம் திருப்பி ஒன்று, எதிர்ப்பக்கம் திருப்பி ஒன்று, ஒயிட் பேலன்ஸ் மாறாமல் இரண்டு படம் போடுங்கள். கூடவே முந்தானையை மெல்ல அசைத்துக் காட்டும் சின்ன வீடியோ ஒன்றையும் போட்டுவிட்டால், 'இது பச்சையா நீலமா' என்ற கேள்விக்கு ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.